"ஐயாவே சொல்லட்டும்" என்றீர்கள், சொல்கிறேன்



கொஞ்சம் நீளமான பதிவு. காபியோ டீயோ எடுத்துக்கொண்டு உட்காருங்கள். அந்தக் காபியைப் பற்றியும் நடுவில் ஒரு பேச்சு வரும், கோபித்துக்கொள்ள வேண்டாம்.

பக்ரீத்துக்கு மறுநாள் நம் பத்தாம் வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் நடந்தது மாணவர்களுக்குத் தெரியும். உறவினர்களுக்காகச் சொல்கிறேன். தம்பி ஒருவர் எங்கிருந்தோ வந்த வீடியோ ஒன்றைப் போட்டார். ஆடு அறுக்கிற வீடியோ. அதன் கீழே, வாயில்லா ஜீவனை வதைப்பதுதான் பண்டிகையா என்று ஒரு வரி. இரண்டு பேர் கைதட்டல் பொம்மை போட்டார்கள். ஒருவர், "அவங்கவங்க வழக்கம், உனக்கென்ன வந்துச்சு?" என்றார். அரை மணி நேரத்தில் நாற்பது செய்திகள். நடுவில் யாரோ, "நம்ம ஐயா சுத்த சைவம். ஐயாவே சொல்லட்டும்" என்று என்னையும் இழுத்துவிட்டார்கள். நான் மதியத் தூக்கத்தில் இருந்தேன். எழுந்து கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு பார்க்கும்போது, அந்தக் குழுவில் இருந்த ஒரே முஸ்லிம் மாணவர் வெளியேறியிருந்தார். பதிலுக்கு ஒரு வார்த்தைகூட எழுதவில்லை. வெளியேறினார் என்ற அந்தச் சின்ன வரி மட்டும் நின்றது.

அன்று நான் ஒன்றும் எழுதவில்லை. எழுதியிருந்தால் நாற்பத்தோராவது செய்தியாகப் போயிருக்கும். இப்போது எழுதுகிறேன்.

முதலில் என் கட்சியைச் சொல்லிவிடுகிறேன். நான் புலால் உண்பதில்லை. 1984 தைப்பூசத்திலிருந்து உண்பதில்லை. நீங்களும் விட்டுவிட்டால் எனக்கு மகிழ்ச்சிதான். ஓர் உயிர் வலியில் கத்துவதைக் கேட்ட பிறகும் நாக்குக்காக அதைச் செய்யலாம் என்பதற்கு இன்றுவரை எனக்குத் திருப்தியான பதில் யாரும் சொல்லவில்லை. அதனால், "எல்லாம் அவரவர் இஷ்டம், இதில் பேச என்ன இருக்கிறது" என்று ஒதுங்கிக்கொள்ளும் ஆள் நான் இல்லை. பேச வேண்டிய விஷயம் என்றுதான் நினைக்கிறேன்.

ஆனால் அந்த வீடியோவைப் போட்ட தம்பியிடம் ஒரு கேள்வி. உங்கள் குலதெய்வம் எது என்று எனக்குத் தெரியும். மாசி மாதம் அங்கே கிடா வெட்டு உண்டு. உங்கள் மகனுக்கு அங்கேதான் முடியிறக்கிக் காது குத்தினீர்கள். பத்திரிகை வைக்க வந்தபோது, "ஐயா, உங்களுக்குத் தனியா சாம்பார் சாதம் ஏற்பாடு பண்ணிடறேன்" என்று நீங்களே சொன்னீர்கள். அந்தக் கிடாவும் வாயில்லா ஜீவன்தான். அன்றைக்கு அதை யாரும் வீடியோ எடுத்து உங்கள் குழுவில் போடவில்லை. உங்களைக் குத்திக்காட்டுவதற்காக இதைச் சொல்லவில்லை. ஆட்டின் மேல் இரக்கம் இருந்திருந்தால் பேச்சு உங்கள் வீட்டு ஆட்டிலிருந்துதான் தொடங்கியிருக்கும். அடுத்த வீட்டு ஆட்டிலிருந்து தொடங்கும்போது அதற்கு வேறு பெயர். கேட்கிறவனுக்கு அது உடனே புரிந்துவிடுகிறது.

இந்தக் கிடா வெட்டைச் சட்டம் போட்டே நிறுத்திப் பார்த்தார்கள். கோயில்களில் ஆடு கோழி பலியிடக்கூடாது என்று 1950லேயே சென்னை மாகாணத்தில் சட்டம் வந்துவிட்டது. ஐம்பது வருஷம் அது பீரோவில் தூங்கியது. 2003 ஆகஸ்டில், இனி கறாராக நடைமுறைப்படுத்தப் போகிறோம் என்று அரசு உத்தரவு போட்டது. எங்கள் பக்கத்தில் என்ன ஆயிற்று தெரியுமா? கோயிலுக்கு எதிரே வெட்டியதைத் தோப்புக்குள் கொண்டுபோய் வெட்டினார்கள். அதுவரை பயபக்தியோடு செய்ததை வீம்போடு செய்தார்கள். "எங்க சாமிக்கு என்ன படைக்கணும்னு இவங்க யாரு சொல்றது?" என்று, அதுவரை கறியே பிடிக்காத ஒரு பெரியவர் என்னிடம் சண்டைக்கு வந்தார். சில மாதங்கள்தான். 2004 பிப்ரவரியில் சட்டத்தையே ரத்து செய்துவிட்டார்கள். திருவள்ளுவர் தினத்தன்று கறிக்கடையை மூடச் சொல்கிறார்களே, அதற்கு முதல் நாள் சாயங்காலம் கடை வாசலில் போய்ப் பாருங்கள், எவ்வளவு கூட்டம் என்று.

சரி, ஊர்க்கதை இருக்கட்டும். என் கதையைச் சொல்கிறேன். அரசாங்கம் செய்ததை நானும் என் வீட்டில் செய்தேன்.

1984இல் எனக்கு வயது இருபத்தெட்டு. வேலைக்குச் சேர்ந்து மூன்று வருஷம். சக ஆசிரியர் ஒருவரோடு வடலூர் தைப்பூசத்துக்குப் போனேன். ஏழு திரை நீக்கி ஜோதி பார்த்தேன். ஆனால் என்னை மாற்றியது அது இல்லை என்றுதான் நினைக்கிறேன். திரும்பும்போது குறிஞ்சிப்பாடி பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் ஒருவர் சைக்கிளில் போனார். ஹேண்டில்பாரில் இரண்டு பக்கமும் கோழிகள், காலைக் கட்டித் தலைகீழாக. அதில் ஒரு கோழி கழுத்தை மேலே வளைத்து என்னைப் பார்த்துக்கொண்டே வந்தது. அந்த மாதிரி ஆயிரம் கோழிகளைப் பார்த்தவன்தான் நான். அன்றைக்கு என்னவோ பார்க்க முடியவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அம்மாவைக் கூப்பிட்டு, "இனிமே இந்த வீட்டுல மீன் வாசமே வரக்கூடாது" என்றேன். கேட்கவில்லை, சொன்னேன். சம்பாதிக்கிற பிள்ளை, அப்பா இல்லாத வீடு. அம்மா ஒன்றும் சொல்லவில்லை. அடுப்படியில் கவிழ்த்து வைத்திருந்த மண்சட்டியை எடுத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் போனாள். அதற்குப் பிறகு அந்தச் சட்டியை நான் பார்க்கவில்லை.

என் அம்மாவின் மீன் குழம்பைப் பற்றிச் சொந்தக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பெருமாள் ஏரி கெளுத்தி, மழைக்காலத்தில் விரால், கடலூரிலிருந்து கூடைக்காரம்மா கொண்டுவரும் சங்கரா. வைத்த அன்றைக்கு எங்களுக்கு ஒரு துண்டுதான். மறுநாள்தான் முழுக் குழம்பும் வெளியே வரும். அவளுக்குத் தெரிந்த பெரிய வித்தை அது. அதைத்தான் ஒரே வாக்கியத்தில் நிறுத்தினேன். நிறுத்தியதோடு விடவில்லை, சாப்பிடும்போதெல்லாம் கொல்லாமை பற்றி உபதேசம் வேறு. அப்போது நான் புதிதாகப் படித்துக்கொண்டிருந்த நேரம். கையில் கிடைத்த ஒரே மாணவி அம்மா.

மூன்று வருஷம் இப்படிப் போயிற்று. அந்தக் காலத்தில்தான் அம்மா வெற்றிலை போட ஆரம்பித்தாள். வயசாகிறது, பழகிக்கொண்டாள் என்று நினைத்தேன். ஒருநாள் எதிர்வீட்டு அத்தைதான் சொன்னார்கள். "டேய் வாத்தியாரே, உங்கம்மா புதன்கிழமை புதன்கிழமை எங்க வூட்டுக்கு எதுக்கு வரான்னு நெனைக்கிற? கொல்லையில உக்காந்து ரெண்டு வாய் மீன் சோறு திம்பா. நீ வர்றதுக்குள்ள வெத்தலையப் போட்டுக்கிட்டு வூட்டுக்கு ஓடுவா." சட்டியும் அங்கேதான் இருந்தது.

அறுபது வயசுப் பெண் சொந்த மகனுக்குப் பயந்து அடுத்த வீட்டுக் கொல்லையில் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறாள். அன்று எனக்கு ராத்திரி சாப்பாடு இறங்கவில்லை. ஜீவகாருண்யம் பேசியவனுக்குத் தன் தாயின் ஜீவன் கண்ணில் படவில்லை.

மறுநாள் நானே கூடைக்காரம்மாவை நிறுத்தி மீன் வாங்கினேன். வாங்கி அம்மா கையில் கொடுத்தேன். அவள் என்னைப் பார்த்தாள், மீனைப் பார்த்தாள். செவுளைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "வெளுத்துப் போன மீனை உன் தலையில கட்டிட்டா பாரு" என்றாள். அவ்வளவுதான் பேச்சு. சட்டி வீட்டுக்குத் திரும்பி வந்தது. கொல்லைப்பக்கம் தனி அடுப்பு போட்டுக்கொண்டது அவள் முடிவு, நான் கேட்கவில்லை.

கடைசிவரை அம்மா மீனை விடவில்லை. உங்களில் சிலர் கதை வேறு மாதிரி முடியும் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். கண்ணில் புரை வந்து முள் தெரியாமல் போன பிறகு, இரண்டு வருஷம் நான்தான் பக்கத்தில் உட்கார்ந்து முள் எடுத்துக் கொடுத்தேன். கையில் வாசம் ஏறும். சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு போய் என் மோர் சாதத்தைச் சாப்பிடுவேன்.

அம்மாவிடம் பாடம் படித்தேன் என்றால், பள்ளிக்கூடத்தில் ஏன் மறந்தேன் என்று தெரியவில்லை. அடுத்த தப்பு அங்கே நடந்தது. இதை எழுதச் சம்பந்தப்பட்ட மாணவியிடம் அனுமதி வாங்கிவிட்டேன்.

ஓய்வு பெற ஏழெட்டு வருஷம் இருக்கும்போது. ஏழாம் வகுப்பு. 1982இல் எம்.ஜி.ஆர். தொடங்கிய சத்துணவில் அப்போது முட்டையும் சேர்ந்திருந்தது. ஒருநாள் குறள் வகுப்பில், பாடத்தில் இல்லாத புலால் மறுத்தல் அதிகாரத்தை எடுத்துக்கொண்டு ஒரு மணி நேரம் பேசினேன். நன்றாகப் பேசினேன், அதுதான் வினை. முட்டைக்குள்ளும் ஓர் உயிர் வரவேண்டியிருக்கிறது, அதைத் தின்பது பாவம் என்று ஒரு வீச்சில் சொல்லிவிட்டேன். அடுத்த வாரம் எட்டு பிள்ளைகள் முட்டை வேண்டாம் என்றார்கள். எனக்குள் பெருமைதான். ஏழு பேர் இரண்டு வாரத்தில் பழையபடி சாப்பிட ஆரம்பித்தார்கள். ஒரு பாப்பா மட்டும் விடவில்லை. ஒல்லியான பிள்ளை. "ஐயா சொன்னாரு" என்று அமைப்பாளர் அம்மாவிடம் சாதித்திருக்கிறது.

மூன்று மாதம் கழித்து அதன் அம்மா வந்தார்கள். முந்திரி உடைக்கிற வேலை. பண்ருட்டிப் பக்கம் உள்ளவர்களுக்குத் தெரியும், அந்தப் பால் பட்டுப் பட்டு விரலெல்லாம் கறுத்து வெந்து போயிருக்கும். வகுப்புக்கு வெளியே செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார்கள். சண்டை போட வரவில்லை. "ஐயா, பாப்பா மயக்கம் போட்டு விழுந்துடுச்சு. ஒடம்புல ரத்தம் இல்லைன்னு டாக்டரம்மா சொல்றாங்க. முட்டை குடுங்க, கீரை குடுங்கன்னாங்க. நாங்க எங்கய்யா தெனம் முட்டை வாங்கறது? இஸ்கூல்ல குடுக்கறதுதான். பாவம்னு நீங்க சொல்லிட்டீங்களாம், நான் சொன்னா கேக்க மாட்டேங்குது. நீங்களே ஒரு வார்த்தை சாப்பிடச் சொல்லணும்" என்றார்கள். கையைக் கூப்பினார்கள்.

முட்டை சாப்பிடாவிட்டால் ஈடாகப் பயறும் சுண்டலும் பாலும் வீட்டில் இருக்கிறதா என்று நான் யோசிக்கவே இல்லை. என் வீட்டில் இருந்தது. ஒரு முட்டையில் ஆறு கிராம் புரதம். அதற்குப் பதில் அந்தப் பிள்ளையின் தட்டில் என்ன விழும் என்று கேட்காமல், தட்டிலிருந்து எடுப்பதற்கு மட்டும் வழி சொல்லியிருக்கிறேன்.

பாப்பாவைக் கூப்பிட்டுச் சாப்பிடச் சொன்னேன். அது என்னை நிமிர்ந்து பார்த்து, "அப்ப அது பாவம் இல்லையா ஐயா?" என்றது.

முப்பது வருஷ வேலையில் இவ்வளவு கஷ்டமான கேள்வியை எந்தப் பரிசோதகரும் என்னிடம் கேட்டதில்லை. "பாவம்னு நான் சொன்னது தப்பும்மா. எனக்கு அது வேணாம்னு இருக்கு, அதனால சாப்பிடறதில்ல. நீ பெரியவளானதும் நீயே யோசிச்சு முடிவு பண்ணு. இப்ப ஒடம்புக்கு வேணும், சாப்பிடு" என்றேன். சாப்பிட்டது. ஆனால் கொஞ்ச நாளைக்கு நான் அந்தப் பக்கம் போனால் தட்டை மறைத்துக்கொள்ளும். அந்தப் பாப்பா இன்று அரசு மருத்துவமனையில் செவிலியர். போன வருஷம் என் பாதம் மரத்துப்போய் நான் புலம்பியபோது, "ஐயா, பி12 பாருங்க, உங்க சாப்பாட்டுல அது கம்மியாத்தான் இருக்கும்" என்று சொன்னது அதுதான். பார்த்தேன், கம்மிதான். இப்போது மாத்திரை. கறி சாப்பிடாதவர்களும் விடப்போகிறவர்களும் இதைக் கவனியுங்கள். காய்கறி, தானியத்தில் அந்தச் சத்து கிடையாது.

நான் என்ன செய்திருக்கிறேன் என்று பிறகு யோசித்துப் பார்த்தேன். அம்மாவால் என்னிடம் முடியாது என்று சொல்ல முடியாது, என் சோற்றில் இருந்தாள். அந்தப் பிள்ளையால் சொல்ல முடியாது, நான் வாத்தியார். மறுத்துப் பேச முடியாதவர்களிடம் பேசி ஜெயித்திருக்கிறேன்.

மறுத்துப் பேசக்கூடிய ஒருவர் எனக்குக் கிடைத்தார். நம் பி.இ.டி. சார். அவர் விசிலுக்குப் பயப்படாதவர் உங்களில் யார் இருக்கிறீர்கள்? அவர் புதிதாக வந்தபோது மதியம் டிபன் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு விளையாட்டுச் சாமான் அறைக்குப் போய்விடுவார். ஆசிரியர் அறையில் நான் இருக்கிறேனே என்று. இந்தத் தடவை அம்மா ஞாபகம் வந்தது. "சார், இங்கேயே சாப்பிடுங்க" என்று கூட்டிவந்தேன். பதினோரு வருஷம் ஒரே மேஜையில் சாப்பிட்டோம். அவர் பக்கம் வறுத்த மீன், என் பக்கம் வாழைக்காய் வறுவல். நான் அதைப் பற்றிப் பேசவே இல்லை.

மூன்றாம் வருஷமோ நாலாம் வருஷமோ அவரே கேட்டார். "தமிழய்யா, வகுப்புல எல்லாம் பிளந்து கட்டறீங்களாம், எங்கிட்ட மட்டும் ஒருநாளும் சொன்னதில்லையே?"

"நீங்க கேக்கலையே சார்."

"இப்ப கேக்கறேன்."

சொன்னேன். சைக்கிள் கோழியிலிருந்து சொன்னேன். அவர் கேட்டுவிட்டு, "சரி, நீங்க பால் குடிக்கிறீங்கல்ல?" என்றார். "குடிக்கிறேன்." "உங்க வீட்டுல ஜெர்சி மாடு நிக்குதே, போன தையில கன்னு போட்டுச்சே, காளைக் கன்னுதானே? எங்க அது?"

எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. தரகர் ஒருவர் வந்து பிடித்துக்கொண்டு போயிருந்தார். எங்கே பிடித்துப் போவார் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். கேட்காமல் இருந்தேன், அவ்வளவுதான். ஏர் ஓட்ட டிராக்டர் வந்த பிறகு ஜெர்சிக் காளைக் கன்றை யார் வைத்துத் தீனி போடுகிறார்கள்? ஆக, என் தொழுவத்திலிருந்தும் கறிக்கடைக்கு ஒரு வழி இருந்திருக்கிறது. கோழியின் கண்ணைப் பார்த்தவன் கன்றின் கண்ணைப் பார்க்காமல் ஐந்நூறு ரூபாய் வாங்கிப் பையில் வைத்திருக்கிறேன்.

அதற்குப் பிறகு மாட்டை விற்றுவிட்டேன். பெரிய தியாகம் ஒன்றும் இல்லை. இப்போது பாக்கெட் பால். பாக்கெட்டில் கன்று தெரியாது, அந்த வசதிதான். காபியை இன்னும் விட முடியவில்லை. ஒவ்வொரு நாள் காலையிலும் பி.இ.டி. சார் கேட்ட கேள்வி டம்ளருக்குள் மிதக்கும். ஊதிவிட்டுக் குடித்துவிடுகிறேன்.

அவர் இன்னொன்றும் கேட்டார். "புலால் மறுத்தல் துறவறவியல்ல தானய்யா இருக்கு? நான் சம்சாரி. என்னை ஏன் பிடிக்கறீங்க?" விளையாட்டு ஆசிரியர் குறள் புத்தகத்தைப் பிரித்துப் பார்த்துவிட்டு வந்திருந்தார்! நியாயமான கேள்விதான். 26ஆம் அதிகாரம் இல்லறவியலில் இல்லை. ஆனால் அந்த அதிகாரத்துக்குள்ளேயே, வாங்குகிறவர் இல்லையென்றால் விற்கிறவரும் இல்லை என்ற வாதம் வருகிறது. அது துறவிக்கு மட்டும் சொன்னதாக எனக்குப் படவில்லை, கடைத்தெருவுக்கே சொன்னது. இப்படி வாரக்கணக்கில் வாதாடினோம். "பழந்தமிழன் கறி தின்னலையா?" என்றார். தின்றான். பொருநராற்றுப்படையில், இரவும் பகலும் ஊன் தின்றே பல் தேய்ந்துபோனதாக ஒரு பொருநன் சொல்கிறான். கபிலரே புறநானூற்றில் தாம் ஊன் உண்டதைப் பாடியிருக்கிறார். இதையெல்லாம் மறைத்துவிட்டுத் தமிழர் எல்லாரும் ஆதியிலிருந்தே சைவம் என்று சொன்னால் அது பொய். பொய் சொல்லி ஒருவரை அறத்துக்குக் கூட்டிவர முடியாது. அவரிடம் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன்.

அந்தச் சைவம் என்ற சொல்லையும் அவர்தான் பிடித்தார். "நீங்க சாப்பிடறதுக்கு ஒரு பேரு. நாங்க சாப்பிடறதுக்கு அதுல ஒரு 'அ' சேர்த்து அசைவம். அதென்ன, நாங்க உங்களோட இல்லாமைதானா?" தமிழாசிரியனுக்கு இதைவிட என்ன வேண்டும்! அந்த ஒரு எழுத்துக்குள் சாதி உட்கார்ந்திருக்கிறது. அவர் சென்னையில் மகளுக்கு வீடு தேடிப் போனபோது, சைவம் மட்டும் என்று போர்டு மாட்டிய மூன்று வீடுகளில் வாசலோடு திரும்பியிருக்கிறார். அந்த வீட்டுக்காரர்கள் ஆட்டைக் காப்பாற்றவா போர்டு வைத்தார்கள்? அந்த வாசலில் நின்றுவிட்டு வந்தவரிடம் நான் உயிர்க்கருணை பேசினால், அவர் காதில் அந்தப் போர்டுதான் விழும். அதனால்தான் புலால் உண்ணாமை என்று நான் பெரும்பாலும் நீட்டிச் சொல்கிறேன். சைவம் என்று சுருக்கினால் கூடவே வேறு என்னென்னவோ வந்து ஒட்டிக்கொள்கிறது.

பி.இ.டி. சார் ஆடு, கோழியை விட்டுவிட்டார். மீன் உண்டு. "இதுக்கு மேல கேக்காதீங்க" என்றார். கேட்கவில்லை. எது காரணம் என்று ஒருமுறை விசாரித்தேன். "உங்க பேச்செல்லாம் இல்லய்யா. உங்க வீட்டம்மா பலாப்பிஞ்சுல ஒரு பிரட்டல் செஞ்சு அனுப்புவாங்களே, அது" என்றார். பண்ருட்டிக்காரர்களே, உங்கள் மண்ணுக்கு இருக்கிற பலம் வள்ளுவருக்கே சவால். (செய்முறை கேட்டு ஏற்கெனவே பலர் எழுதியிருக்கிறார்கள். மிளகு, சோம்பு, சின்ன வெங்காயம் அரைத்துப் போடுவது மட்டும் எனக்குத் தெரியும். மீதியை அம்மா தனியாகப் போடுவார்கள்.)

வடலூரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். சத்திய ஞான சபைக்குள் போக ஒரு நிபந்தனை உண்டு. கொலையும் புலாலும் தவிர்த்தவர்கள்தான் உள்ளே போகலாம் என்று வாசலிலேயே எழுதியிருக்கும். பல வருஷம் அதை மட்டும்தான் நான் படித்தேன். பக்கத்திலேயே தருமசாலை இருக்கிறது. 1867 மே 23இல் வள்ளலார் ஏற்றி வைத்த அடுப்பு இன்றுவரை எரிகிறது. அங்கே சாப்பிட நிபந்தனை கிடையாது. நீ யார், என்ன சாதி, நேற்று என்ன தின்றாய் என்று யாரும் கேட்பதில்லை. இலையைப் போட்டுச் சோற்றை வைக்கிறார்கள். புலால் உண்கிறவருக்கும் பசி ஆற்ற வேண்டும் என்பது அவர் வகுத்த வழி. இன்னொன்றும் கவனித்தேன். சாலை வந்தது 1867இல், சபை வந்தது 1872இல். சாலைதான் முதல்.

காந்தியும் 1931 நவம்பரில் லண்டன் சைவ உணவுச் சங்கத்தில் பேசும்போது, கூடியிருந்த சைவர்களிடம் மற்றவர்களைக் குறை சொல்லிப் பேசவில்லை. உங்களுக்குப் பொறுமை வேண்டும், பணிவு வேண்டும் என்று அவர்களுக்குத்தான் சொன்னார். அந்தக் கூட்டத்தில் ஹென்றி சால்ட் உட்கார்ந்திருந்தார். மாணவனாக லண்டனுக்குப் போன காந்தி படித்து மனம் தெளிந்தது அவருடைய புத்தகத்தைத்தான். அதற்கு முன்பு தாய்க்குக் கொடுத்த வாக்குக்காகச் சாப்பிடாமல் இருந்தவர், அதன் பிறகு தன் விருப்பத்தால் சாப்பிடாமல் இருந்தார். அந்த வித்தியாசம் தெரிந்தவர் என்பதால்தான் அப்படிப் பேச முடிந்தது என்று நினைக்கிறேன்.

குழுவை விட்டுப் போன மாணவருக்கு அன்று ராத்திரி போன் செய்தேன். எடுக்கவில்லை. மறுநாளும் எடுக்கவில்லை. மூன்றாம் நாள் பஸ் பிடித்து நேரே அவர் கடைக்குப் போனேன். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார், கண் கலங்கிவிட்டது. "ஐயா, நீங்க ஏதாவது எழுதுவீங்கன்னு பார்த்தேன். ஒண்ணும் எழுதல. ஐயாவுக்கும் அதே எண்ணம்தான் போலன்னு நெனச்சுக்கிட்டேன்" என்றார். நான் மதியம் தூங்கியது உண்மை. ஆனால் எழுந்த பிறகு சாயங்காலம் முழுக்க எழுதாமல் இருந்தேனே, அதற்கு என்ன சொல்வது? "என் தப்புப்பா" என்றேன்.

கடையை மகனிடம் விட்டுவிட்டு வீட்டுக்குக் கூட்டிப்போனார். அந்த ஆட்டைப் பற்றியும் பேசினோம். பக்ரீத்துக்கு இரண்டு மாதம் முன்னாலேயே வாங்கி வீட்டில் கட்டி வளர்த்ததாம். சின்னப் பேத்தி இரண்டு நாள் சாப்பிடாமல் அழுததாம். "மூணுல ஒரு பங்கு ஏழைங்களுக்குப் போவுது ஐயா. வருஷத்துல ஒருநாள் கறி திங்கற வூடும் எங்க தெருவுல இருக்கு" என்றார். "அது தெரியும்பா. பேத்தி அழுதான்னு சொன்னியே, அதுதான் எனக்கு மனசுல நிக்குது" என்றேன். அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "எனக்கும்தான் ஐயா" என்றார். அதற்கு மேல் நானும் போகவில்லை, அவரும் போகவில்லை.

அதற்குள் அவர் அம்மா காபி கொண்டுவந்தார்கள். எண்பதைத் தாண்டியவர். "வாத்தியாருக்குன்னு தனிப் பாத்திரம் வச்சிருக்கேன்" என்றார்கள். எனக்குப் புரியவில்லை. மாணவர்தான் விளக்கினார். அவர் படித்த காலத்தில் ஒவ்வொரு ரம்ஜானுக்கும் எனக்கு ஒரு தூக்கில் நோன்புக் கஞ்சி வரும், ஞாபகம் இருக்கிறது. அது அவர்கள் வீட்டுக் கஞ்சியிலிருந்து ஊற்றியது என்று இத்தனை வருஷம் நினைத்திருந்தேன். அவர்கள் வீட்டுக் கஞ்சியில் கொத்துக்கறி போடுவார்களாம். எனக்காகக் கறி சேராத பாத்திரத்தில், நோன்பு நோற்ற வயிற்றோடு, தனியாக ஒரு உழக்கு காய்ச்சியிருக்கிறார்கள். யாரும் கேட்காமல். சொல்லாமல்.

அந்தப் பாத்திரத்தைக் கொண்டுவந்து காட்டினார்கள். அடி கறுத்த சின்ன அலுமினியப் பாத்திரம்.

நான் கிளம்பும்போது, "குழுவுக்கு வருவியாப்பா?" என்று கேட்டேன். "பாக்கறேன் ஐயா" என்றார். வற்புறுத்தவில்லை. அடுத்த மாதம் என் வீட்டுக்குக் குடும்பத்தோடு வருவதாகச் சொல்லியிருக்கிறார். பலாப்பிஞ்சுக் காலம் முடிந்துவிட்டது, வேறு என்ன செய்யலாம் என்று வீட்டில் யோசனை ஓடிக்கொண்டிருக்கிறது. பி.இ.டி. சாரும் வருகிறார். வீடியோ போட்ட தம்பி, நீங்களும் வாருங்கள். ஞாயிற்றுக்கிழமை, மதியம் ஒரு மணி.

தட்டச்சு செய்து கொடுத்தவன் என் பேரன். சந்திப்பிழை இருந்தால் அவனைத் திட்டுங்கள். நேற்று அவன் சிக்கன் ரைஸ் பார்சலோடு உட்கார்ந்துதான் இதை அடித்தான்.

அன்புடன்,
உங்கள் தமிழய்யா